மீனை ஏய்க்கும் முக்குளிப்பான்

நீரைவிட அடர்த்தி குறைந்த பொருள் மிதக்கும். அடர்த்தி மிகுந்த பொருள் மூழ்கும். பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது இதுவே. ஆனால் இழுத்தால் மூழ்கி, விட்டால் தானாகவே மேலே வந்து மிதக்கும் ஒரு பொருளை, பொறி எதுவும் இல்லாமல், ஒரு விரல் நீளத்துக்குள் செய்ய முடியுமா? முடியும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 'பாஸ்' என்னும் மீனைத் தூண்டிலில் பிடிப்போர், அப்படி ஒன்றை நூலும் இறகும் நுரைப்பொருளும் கொண்டு தம் வீட்டு மேசையிலேயே கட்டிக்கொள்கிறார்கள். அதை 'டைவர்' என்பார்கள். நம் ஏரிகளில் முங்கி முங்கி எழும் சிறு பறவையை முக்குளிப்பான் என்கிறோம் அல்லவா? இந்தப் போலி இரைக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்வோம்.

முக்குளிப்பானின் இரகசியம் இரண்டு விசைகளுக்கு இடையே நடக்கும் போட்டி. ஒன்று ஆர்க்கிமிடீசின் மிதப்பு விசை. அது எப்போதும் ஒரே அளவு. மற்றொன்று ஓடும் நீர் தரும் விசை. அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. இந்தப் போட்டியில் எப்போது எது வெல்ல வேண்டும் என்பதைக் கத்தரிக்கோலால் முடிவு செய்வதே முக்குளிப்பான் கட்டும் கலை.

யாருக்காக இந்த வேடம்?

பெருவாய் பாஸ் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஆறு, ஏரிகளுக்கு உரிய நன்னீர் மீன். விலங்கியலார் இதை 'மைக்ரோப்டிரஸ் சால்மாய்டிஸ்' என்பர். பெயருக்கேற்ப இதன் வாய் மிகப் பெரியது. மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். இது இரையைத் துரத்திக்கொண்டு நெடுந்தொலைவு ஓடுவதில்லை. அல்லி இலைகளின் நிழலிலும் விழுந்த மரங்களின் அடியிலும் பதுங்கியிருந்து, அருகே வரும் சிறு மீன், தவளை, நண்டு, பூச்சி எதுவானாலும் ஒரே பாய்ச்சலில் கவர்ந்து கொள்ளும்.

அது கவரும் முறையும் கவனிக்கத்தக்கது. மீன் வாயைத் திடீரெனத் திறக்கும்போது வாயின் உட்பருமன் பெருகி, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள நீர் உள்ளே பாய்கிறது. நீரோடு இரையும் உள்ளே போகிறது. ஆகவே எடை குறைந்த, நீரோடு எளிதில் நகரக்கூடிய போலி இரை மீனின் வாய்க்குள் தடையின்றிச் செல்லும்.

1881ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த மீனைப் பற்றித் தனி நூல் எழுதினார். அதற்கும் முன்பே, 1791இல் வெளியான தம் பயண நூலில் வில்லியம் பார்ட்ரம் என்ற இயற்கையறிஞர், புளோரிடாப் பகுதியில் மான்வால் மயிரும் இறகும் கட்டிய தூண்டில் முள்ளை நீரின் மேற்பரப்பில் ஆட்டி மீன் பிடித்ததை விவரித்திருக்கிறார். மேற்பரப்பில் போலி இரையை ஆட்டுவது அவ்வளவு பழைய வழக்கம்.

எடையில்லாததை எறிவது

நம் ஊர்க் குளக்கரையில் தூண்டில் போடுபவர், முள்ளுக்கு மேலே மயிலிறகுத் தண்டையோ நெட்டியையோ தக்கையாகக் கட்டுவார். தக்கை மிதக்கும், முள் கீழே தொங்கும். முக்குளிப்பானிலோ தக்கையும் முள்ளும் ஒன்றே. அதன் மொத்த எடை ஓரிரு கிராமுக்கு மேல் போகாது. இவ்வளவு இலேசான பொருளை 15 மீட்டர் தூரம் எறிவது எப்படி?

ஒரு பஞ்சு உருண்டையை எறிந்து பாருங்கள். கைக்கு அருகிலேயே விழும். ஆகவே இவ்வகைத் தூண்டிலில் எடை இரையில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த கயிற்றைக் கோலால் முன்னும் பின்னும் வீசி, அதன் உந்தத்தால் இரையைக் கொண்டு செல்கிறார்கள். இந்தக் கயிறுகளை எண்ணிட்டு வகைப்படுத்தியுள்ளனர். பாஸ் மீனுக்குப் பயன்படும் 8ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி நீளத்தின் எடை 210 கிரெயின், அதாவது சுமார் 13.6 கிராம். கயிற்றின் நுனியில் மெல்லிய நைலான் நரம்பும், அதன் முனையில் போலி இரையும் இருக்கும். இவ்வாறு கயிற்றின் எடையால் எறியப்படும் போலி இரை எதையும், அது தவளை வடிவில் இருந்தாலும், 'ஃபிளை' அதாவது ஈ என்றே சொல்வது அவர்கள் மரபு.

தக்கையிலிருந்து நுரைக்கு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரைச் சேர்ந்த எர்னஸ்ட் பெக்கின்பா, மரத்தக்கையை முள்ளில் பொருத்தி மிதக்கும் போலி இரைகளைச் செய்து பரப்பினார். மான் மயிரைக் கற்றையாக முள்ளின்மேல் இறுக்கிக் கட்டுவது மற்றொரு முறை. மான் மயிரின் உள்ளே காற்று நிறைந்த நுண்ணறைகள் உள்ளன. நூலை இறுக்கும்போது மயிர் நாற்புறமும் சிலிர்த்து நிற்கும். அதைக் கத்தரித்து வேண்டிய வடிவம் தரலாம். லாரி டால்பெர்க் என்ற அமெரிக்கர் இப்படி மான் மயிரில் அமைத்த 'டால்பெர்க் டைவர்' மிகுந்த புகழ் பெற்றது. கூம்பிய தலை, தட்டையான அடிப்பாகம், தலைக்குப் பின்னே விசிறிபோல் விரிந்த கழுத்துப்பட்டை ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

மான் மயிரில் ஒரு குறை உண்டு. நேரம் செல்லச் செல்ல மயிர்களுக்கிடையே நீர் புகுந்து எடை கூடும். காலையில் உயர மிதந்தது பகலில் தாழ மிதக்கும். இந்தக் குறையைத் தீர்த்தது நுரைப்பொருள். இங்கே ஒரு வேறுபாட்டை அறிய வேண்டும. பாத்திரம் துடைக்கும் பஞ்சு போன்றவற்றில் காற்றறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். நீர் உள்ளே புகும். இ.வி.ஏ., பாலித்தீன் போன்றவற்றால் செய்யும் மூடிய அறை நுரையில் ஒவ்வொரு காற்றறையும் தனித்தனியே அடைபட்டிருக்கும். அதை வெட்டினால் வெட்டிய முகத்தில் உள்ள அறைகள் மட்டுமே திறக்கும். நீர் அதற்கு மேல் போகாது. நாள் முழுவதும் மிதப்பு மாறாது. மாறாத மிதப்பு கிடைத்த பின்னரே முக்குளிப்பானைக் கணக்கிட்டுச் செய்வது எளிதாயிற்று.

மிதப்புக் கணக்கு

இனி ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 மில்லிமீட்டர் விட்டமும் 20 மில்லிமீட்டர் நீளமும் உள்ள நுரை உருளை ஒன்றைத் தலையாக வைப்பதாகக் கொள்வோம். அதன் பருமன் சுமார் 2.26 கன செ.மீ. நுரையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.1 கிராம் எனக் கொண்டால் தலையின் எடை 0.23 கிராம். முள் 0.5 கிராம், இறகு, நூல், பசை எல்லாம் சேர்ந்து 0.4 கிராம். மொத்தம் 1.13 கிராம்.

முழுவதும் மூழ்கினால் தலை 2.26 கிராம் நீரை விலக்கும். முள், இறகு ஆகியவற்றின் பருமன் சிறிது, அதை விட்டுவிடுவோம். ஆக, மூழ்கிய நிலையில் மேல்நோக்கிய நிகர விசை 2.26 - 1.13 = 1.13 கிராம் எடை. மேற்பரப்பில் ஓய்ந்திருக்கும்போது தலையில் சரிபாதி நீருக்குள்ளும் மறுபாதி வெளியிலும் இருக்கும்.

ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் நுரை சுருங்கி மிதப்பு குறையாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். நீரில் 10 மீட்டர் ஆழத்துக்குப் போனால்தான் அழுத்தம் இருமடங்காகும். முக்குளிப்பான் போவதோ அரை மீட்டருக்குள். அங்கே அழுத்தம் 5 விழுக்காடே கூடும். எனவே மிதப்பு விசை மாறாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

மூழ்கும் கணக்கு

கயிற்றை இழுக்கிறோம். நீர் சாய்வான தலையின் மேற்புறம் ஏறி, பின்னால் விரிந்துள்ள பட்டையில் மோதி மேல்நோக்கித் திருப்பப்படுகிறது. தலை நீரை மேலே தள்ளினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி நீர் தலையைக் கீழே தள்ள வேண்டும். பட்டம் காற்றில் ஏறுவதும் இதே முறையில்தான். அங்கே சாய்ந்த தாள் காற்றைக் கீழே திருப்புகிறது, பட்டம் மேலே போகிறது. முக்குளிப்பானைத் தலைகீழாகப் பறக்கும் பட்டம் எனலாம்.

இந்த விசையின் அளவு என்ன? நீரின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் இருமடி, எதிர்க்கும் பரப்பு ஆகிய மூன்றின் பெருக்கமே அடிப்படை அளவு. பரப்பு 1 சதுர செ.மீ. என்றும், வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்றும் வைத்தால், சுமார் 5 கிராம் எடை வரும். அதில் பாதியே கீழ்நோக்கித் திரும்புகிறது என்று கொண்டால் 2.5 கிராம் எடை. மேல்நோக்கிய விசையோ 1.13 கிராம் எடைதான். ஆகவே அது மூழ்கும்.

வேகத்தைப் பாதியாக்கி வினாடிக்கு அரை மீட்டரில் இழுத்தால் கீழ்விசை பாதியாவதில்லை. நாலில் ஒன்றாகி 0.6 கிராம் எடைக்கு இறங்கிவிடுகிறது. இப்போது மிதப்பு வெல்கிறது. முக்குளிப்பான் மேற்பரப்பிலேயே சிற்றலை எழுப்பிக்கொண்டு நகரும். இரண்டு விசைகளும் சமமாகும் வேகம் வினாடிக்கு சுமார் 65 செ.மீ. இதற்குக் கீழே அது மிதவை; இதற்கு மேலே அது முக்குளிப்பான். நாம் எடுத்த அளவுகள் எடுத்துக்காட்டுக்காகவே ஆயினும், இப்படி ஓர் எல்லை வேகம் எந்த முக்குளிப்பானுக்கும் உண்டு.

அப்படியானால் இழுக்க இழுக்க ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருக்குமோ? போகாது. மிதக்கும் கயிறு மேற்பரப்பில் கிடக்கிறது. முக்குளிப்பான் கீழே போகப் போக நைலான் நரம்பு அதை மேல்நோக்கிச் சாய்வாக இழுக்கத் தொடங்கும். ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் எல்லா விசைகளும் சமநிலை அடைந்துவிடும்.

இழுப்பதை நிறுத்தியவுடன் நீரின் விசை மறைகிறது. மிதப்பு விசை மட்டும் மிஞ்சுகிறது. நம் எடுத்துக்காட்டில் அது வினாடிக்கு ஏறக்குறைய 28 செ.மீ. வேகத்தில் மேலே எழும். 30 செ.மீ. ஆழத்திலிருந்து மேலே வர ஒரு வினாடி. நுரையைக் குறைத்து நிகர மிதப்பை நாலில் ஒன்றாக்கினால் எழும் வேகம் பாதியாகும். இரண்டு வினாடி பிடிக்கும். பதுங்கியிருக்கும் மீனுக்கு அந்த ஒரு வினாடி பெரிய வாய்ப்பு. துள்ளி மூழ்கிய தவளை களைத்து மெல்ல மேலே வருவதுபோல் தோன்றும் அந்த இடைவேளையில்தான் மீன் பெரும்பாலும் பாய்கிறது என்பது அனுபவமுள்ள தூண்டில்காரர்கள் கூறுவது. கயிறு தளர்ந்திருப்பதால், மீன் உறிஞ்சும் நீரோடு இரை தடையின்றி உள்ளே போகவும் முடிகிறது.

கட்டும் முறை

முதலில் வாய் அகன்ற தூண்டில் முள் ஒன்றைச் சிறு பிடிகருவியில் இறுக்க வேண்டும். முள்ளின் தண்டின்மேல் நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். வழவழப்பான உருக்கில் நுரை நிற்காது. நூற்சுற்று பசைக்குப் பிடிப்புத் தரும்.

அடுத்து வால். தண்டின் பின்பகுதியில் இறகுகளையோ முயல்தோல் கீற்றையோ கட்டுவர். இது நீரில் நெளிந்து உயிருள்ளதுபோல் காட்டும். ஆனால் முயல் மயிர் நீரை உறிஞ்சிக் கனக்கும். வால் நீளமானால் அதற்கு ஈடாக நுரையும் கூட வேண்டும். இல்லையேல் பின்பாகம் தாழ்ந்து தொங்கும். வாலுக்கு முன்னால் இரு பக்கமும் மெல்லிய ரப்பர் இழைகளைக் கால்களாகக் கட்டுவதும் உண்டு.

பின்னர் கழுத்துப்பட்டை. 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நுரைத்தாளில் அரைவட்டமாக வெட்டித் தலைக்குப் பின்னால் நிமிர்த்தி ஒட்டுவர். மான் மயிரையும் இதற்குப் பயன்படுத்தலாம். பட்டை மிகப் பெரிதானால் எறியும்போது காற்றின் எதிர்ப்பு கூடி, கயிற்றின் உந்தத்தைத் தின்றுவிடும். மிகச் சிறிதானால் மூழ்காது.

கடைசியாகத் தலை. நுரை உருளையின் முன்பக்கத்தைக் கூம்பாகச் சீவி, அடிப்பாகத்தைத் தட்டையாக்கி, அடியில் நீளவாட்டில் கீறி, பசையிட்டு முள்ளின்மேல் அமர்த்த வேண்டும். நுரையின் பெரும்பகுதி தண்டுக்கு மேலே இருக்க வேண்டும் என்பது முக்கியம். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, மிதப்பு மையம் மேலேயும் ஈர்ப்பு மையம் கீழேயும் இருந்தால்தான் அது குப்புறக் கவிழாது. முள்ளின் வளைவு கப்பலின் அடிக்கட்டைபோல் வேலை செய்யும். இரண்டாவது, தண்டுக்குக் கீழே நுரை பிதுங்கினால் முள்ளின் வாய் அடைபட்டுவிடும். மீன் கவ்வினாலும் முள் தைக்காது. மிதப்பு, மூழ்கல், அழகு எல்லாம் சரியாக இருந்தும் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

கூம்பின் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாகச் சீவப்பட்டால் நீரின் விசை சமமாகப் பிரியாது. முக்குளிப்பான் பக்கவாட்டில் ஓடும், அல்லது சுழன்று நைலான் நரம்பை முறுக்கும். எனவே ஒரே முறையில் வெட்டிவிடாமல், சிறிது சீவி, தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்த்து, மீண்டும் சிறிது சீவுவதே நல்லது. கூடுதலாக உள்ள நுரையைக் குறைக்கலாம். குறைத்ததை ஒட்ட முடியாது.

மீன் காண்பதும் கேட்பதும்

மீனின் கண்ணுக்கு நீரின் மேற்பரப்பு முழுவதும் சன்னல் அன்று. தலைக்கு மேலே சுமார் 97 பாகைக் கூம்புக்குள் மட்டுமே வெளியுலகம் தெரியும். அதற்கு வெளியே மேற்பரப்பு கண்ணாடிபோல் ஏரியின் அடியையே காட்டும்; முழு அக எதிரொளிப்பின் விளைவு இது. 1 மீட்டர் ஆழத்தில் உள்ள மீனுக்கு அந்த வட்டச் சன்னலின் ஆரம் 1.13 மீட்டர். அதற்கப்பால் மிதக்கும் போலி இரையில், நீருக்குள் இருக்கும் அடிப்பகுதி மட்டுமே மீனுக்குத் தெரியும். ஆகவே அடிப்புறத்தின் நிறம் மீனுக்காக. மேற்புறத்தின் பளிச்சிடும் நிறம் தூண்டில்காரர் தம் இரை எங்கே இருக்கிறது என்று காண்பதற்காக. மூழ்கிய அந்த நொடியில்தான் இரை முழு உருவத்தோடு மீனுக்குக் காட்சி தருகிறது.

அந்திப் பொழுதில் வெளிச்சம் குறைந்தாலும் மீன் ஏமாறுவதில்லை. அதன் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு, அருகில் உள்ள நீரின் மெல்லிய அசைவுகளை உணரும். முக்குளிப்பான் முங்கும்போது பட்டையின் பின்னால் காற்றையும் இழுத்துச் செல்கிறது. அந்தக் காற்று குமிழிகளாகப் பிரிந்து 'களுக்' என்று ஒலிக்கிறது. நீரில் உள்ள குமிழி ஒரு சுருள்வில்லைப்போல் சுருங்கி விரிந்து ஒலி எழுப்புவதை 1933இல் மின்னார்ட் என்ற டச்சு அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். அவர் சூத்திரப்படி 1 செ.மீ. விட்டமுள்ள குமிழியின் அதிர்வெண் சுமார் 650 ஹெர்ட்ஸ்; 2 செ.மீ. குமிழிக்கு அதில் பாதி. பட்டை பெரிதாகிக் குமிழியும் பெரிதானால் ஒலி தாழும். மீன்களின் செவி பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளையே நன்கு உணரும் என்பதால் இது பயனுள்ள செய்தி. படகில் பேசும் பேச்சு மீனைக் கலைப்பதில்லை; காற்றில் எழும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே நீருக்குள் செல்லும். ஆனால் படகின் அடித்தளத்தில் காலை ஓங்கி வைத்தால் அந்த அதிர்வு நேரே நீருக்குப் போய்விடும்.

செய்து பாருங்கள்

பழைய ரப்பர் செருப்பிலிருந்து 2 செ.மீ. நீளமுள்ள ஒரு துண்டை வெட்டுங்கள். முன்முனை கீழ்ப்பக்கத்தில் வரும்படி மேற்புறத்தை மட்டும் சாய்வாகச் சீவுங்கள். ஒரு சிறிய ஆணியை அடியில் நூலால் கட்டுங்கள். முன்முனையில் நூல் கோத்து, நீளமான தண்ணீர்த் தொட்டியில் நூலை நீர்மட்டத்தோடு ஒட்டி இழுங்கள். மெல்ல இழுத்தால் மிதந்து வரும். வெடுக்கென்று இழுத்தால் முங்கும். இனி ஆணியை மறுபக்கத்துக்கு மாற்றித் துண்டைத் தலைகீழாக மிதக்க விடுங்கள். இப்போது சாய்வு அடியில் இருக்கும். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அது மூழ்காமல், நீரின்மேல் ஏறிச் சறுக்கும். பொருள் ஒன்றே, சாய்வின் பக்கம் மாறியதும் விசையின் திசையும் மாறிவிட்டது.

பொழுதுபோக்கும் பொறுப்பும்

1932 ஜூன் 2ஆம் நாள் ஜார்ஜ் பெர்ரி என்பவர் ஜார்ஜியா மாநிலத்து மாண்ட்காமரி ஏரியில் 22 பவுண்டு 4 அவுன்சு எடையுள்ள பெருவாய் பாஸ் மீனைப் பிடித்தார். உலகச் சாதனையான அந்த எடையை வேறொருவர் எட்ட 77 ஆண்டுகள் ஆயின. 2009இல் மனாபு குரிட்டா என்பவர் ஏறத்தாழ அதே எடையுள்ள மீனைப் பிடித்தார். இடம் அமெரிக்கா அன்று. ஜப்பானின் பிவா ஏரி!

இந்தச் செய்தியில் வியப்போடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாஸ் மீன் ஜப்பானுக்கு 1925இல் கொண்டுவரப்பட்ட அயல் மீன். அது உள்நாட்டுச் சிறு மீன்களைத் தின்று பெருகியதால், 2005ஆம் ஆண்டில் அந்நாடு அதைத் தீங்கு செய்யும் அயல் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. தன் தாயகத்தில் போற்றப்படும் மீன், மனிதன் கொண்டுபோய் விட்ட இடத்தில் பகையாகிவிட்டது. ஏரியில் எந்த மீனை விடுவது என்பது விளையாட்டு வீரர் தம் விருப்பப்படி முடிவு செய்யக்கூடிய செய்தி அன்று.

மீனின் தாயகத்திலோ பலர் பிடித்த மீனைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அவ்வாறு விடும் மீன் பிழைக்க வேண்டுமானால் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவது நல்லது; முள் எளிதில் கழன்று வரும், காயமும் சிறிதாகும். நுரைப்பொருள் மட்கிப் போகாதது. சீவிய துணுக்குகளை ஏரிக்கரையில் ஊதிவிடாமல் வீட்டிலேயே சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். நீர் புகாமல் நாள் முழுவதும் மிதப்பதற்காக நாம் போற்றிய அதே குணம்தான், ஏரியில் விழுந்தால் அதை ஆண்டுக்கணக்கில் மிதக்கும் குப்பையாக்குகிறது.